லாரி வராத நாட்களின் சாலை

கட்டட வேலை தெரிந்த எவரும் கூழாங்கல்லையும் ஜல்லியையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஒன்று ஆற்றில் உருண்டு முனை மழுங்கியது. மற்றது குவாரியில் உடைபட்டு முனை கூர்ந்தது. கூழாங்கல் குவியல் காலடியில் நழுவும். ஜல்லியைப் பரப்பி மிதித்தால் ஒரு கல்லின் முனை இன்னொன்றின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'கிராவல்' என்ற பெயர் புழங்குவதால், மேலை நாடுகளில் இப்போது பரவிவரும் 'கிராவல் சைக்கிளிங்' பற்றி முதன்முறை கேள்விப்படுகிறவருக்கு அது ஆற்றங்கரைக் கல்லில் சைக்கிளை உருட்டும் வீம்பாகத் தோன்றலாம். அவர்கள் தேடிப் போவது ஜல்லிச் சாலையை. அதிலும் காட்டுக்குள் ஓடுகிற, கார் வராத ஜல்லிச் சாலையை. இங்கிலாந்தின் வடகோடியில் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் கீல்டர் காடு அப்படிப்பட்ட சாலைகளுக்குப் பேர்போன இடம். சுமார் 650 சதுர கிலோமீட்டர். 2016 முதல் 'டர்ட்டி ரீவர்' என்ற 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் இங்கே நடந்துவருகிறது. அந்தத் தூரத்தில் பெரும்பகுதி தார் காணாத தரை. இவ்வளவு நல்ல சைக்கிள் பாதையை யார் திட்டமிட்டுப் போட்டார்கள் என்று தேடினால், சைக்கிளை மனதில் வைத்து ஒருவரும் போடவில்லை என்பது தெரியவரும். அந்தப் பாதை நன்றாக இருப்பதற்குக் காரணமே அதுதான் என்பது என் கட்சி.

கீல்டரை ஆதிகாலத்துக் காடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நூறாண்டுக்கு முன்பு அது ஆடு மேய்ந்த மேட்டுநிலம். பிரபுக்கள் காட்டுக்கோழி சுட்ட புல்வெளி. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்கு மரத்தட்டுப்பாடு வந்தது. பதுங்குகுழிக்கும் மரம் வேண்டும், நிலக்கரிச் சுரங்கத்தில் முட்டுக்கொடுக்கவும் மரம் வேண்டும். கடல்வழியே வந்துகொண்டிருந்த மரத்துக்கோ நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தல். போர் முடிந்த கையோடு 1919இல் வன ஆணையம் உருவானது. 1926இல் கீல்டரில் நடவு தொடங்கியது. அந்த ஆணையத்தை நெடுங்காலம் நடத்திய ராய் ராபின்சன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1947இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அடிலெய்டின் பெயரோடு கீல்டர் காட்டின் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டார். நட்டதில் பெரும்பங்கு சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்குச் சொந்தமான ஊசியிலை மரம் அது. 1831இல் டேவிட் டக்ளஸ் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது. ஈரமும் குளிரும் காற்றும் நிறைந்த மட்டமான மண்ணிலும் சளைக்காமல் வளரும். ஆக, கீல்டர் ஒரு மரத்தோட்டம். நம் ஊர்ச் சவுக்குத் தோப்பை மிகப் பெரிதாக்கிக் குளிரில் வைத்தால் எப்படியோ அப்படி.

சவுக்குக்கு நாலைந்து வருடம் என்றால், சிட்காவுக்கு நாற்பது முதல் ஐம்பது வருடம். சாலை விஷயத்தின் முடிச்சு இந்த எண்ணில்தான் இருக்கிறது. மரம் நட்ட ஒவ்வொரு பகுதிக்கும் லாரி போய்வரச் சாலை வேண்டும். பிரிட்டனில் மரம் ஏற்றும் லாரி ஆறு அச்சுகளில் 44 டன்வரை போகலாம். அந்த எடை வளைவில் கவிழாமல் திரும்ப வேண்டும். சரிவில் பிரேக்கை மீறி ஓடிவிடக் கூடாது. அதனால் ஏற்றத்தை வழக்கமாகப் பத்துக்கு ஒன்றுக்கு மேல் விடமாட்டார்கள், வளைவுகளை அகலமாக்குவார்கள், அடித்தளத்தைக் கெட்டிப்படுத்துவார்கள். இத்தனை செலவில் போட்ட கிளைச்சாலை ஒன்றில் கனரக வண்டி ஓடுவது எப்போது? நடவின்போது கொஞ்சம், நடுவில் எப்போதாவது, வெட்டும் பருவத்தில் சில வாரங்களோ மாதங்களோ. மிச்ச ஆண்டுகளில் அது சும்மா கிடக்கிறது. ஒரு பொதுச்சொத்து இவ்வளவு உறுதியாகவும் இவ்வளவு வேலையற்றும் இருப்பது அபூர்வம். சைக்கிள்காரர் வந்து நிற்பது இந்த வெற்றுக்காலத்தின் வாசலில். தேவைப்பட்டபோது குறுக்குக் கம்பத்தைப் பூட்டவோ திறக்கவோ ஓர் ஆள் போதும். கார் வராத பாதை தயார்.

சாலையின் உடம்பைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். ஜான் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சுங்கச்சாலைகளுக்குப் பொறுப்பேற்றபோது, ரோமானியர் காலத்திலிருந்து வந்த ஒரு நம்பிக்கையைக் கைவிட்டார். பாரத்தைச் சுமப்பது அடியில் அடுக்கும் பெரிய பாறை என்பது அந்த நம்பிக்கை. அவர் சொன்னது வேறு: சுமப்பது அடியிலுள்ள மண்தான், மண் காய்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும், மேலே போடும் கல் அந்த மண்ணுக்குப் பிடித்த குடை. அதனால் எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 170 கிராம். எல்லாம் உடைத்த கல்லாக இருக்க வேண்டும் என்றார். வண்டிச்சக்கரமே அவற்றை இடித்து இறுக்கிவிடும். இன்றைய காட்டுச் சாலையும் ஏறக்குறைய இதே சமையல்தான். கீழே பெருஜல்லி, மேலே சிறுஜல்லி, இடுக்குகளை அடைக்கக் கிரஷர் தூள். நடுவில் முதுகு தூக்கி இரு பக்கமும் சரிந்த வடிவம். மலைப்பக்கம் ஒரு வாய்க்கால், ஆங்காங்கே சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்திவிடக் குழாய். ஏறிநின்று பார்த்தால் சுமார் மூன்றரை மீட்டர் அகலத்துச் சாம்பல்நிறப் பட்டை, அவ்வளவே. ஆனால் மழைநாளில் அந்த முதுகிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறதா, குழாயின் வாயில் ஊசியிலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே அடுத்த பத்து வருடத்துக்கு அந்தச் சாலையின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். கீல்டர் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: பீட் என்னும் கருஞ்சேற்று மண். பாதி மக்கிய பாசியும் தண்ணீருமாக, சில இடங்களில் ஆள் ஆழத்துக்கும் மேல். அதைத் தோண்டி எடுக்க முடியாத இடத்தில் மரக்கிளைகளையோ செயற்கை நார்வலையையோ பரப்பி, அதன்மேல் கல்லைக் கொட்டிச் சாலையை மிதக்கவிடுகிறார்கள். அதன்மீது பாரலாரி போனால் தரை மெல்ல அமுங்கி எழும்.

இப்போது இந்தச் சாலையில் சைக்கிள் போனால் என்ன தேயும் என்று கணக்குப் பார்க்கலாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை ஓயாமல் சுற்றவிட்டார்கள். அந்தத் தரவுகளிலிருந்து பொறியாளர்கள் எடுத்த விதி: சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின்மீதுள்ள எடையின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. 44 டன்னை ஆறு அச்சுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 7,300 கிலோ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால் சக்கரத்துக்கு 50. அச்சுக்கு அச்சு 146 மடங்கு வித்தியாசம். அதன் நான்காம் அடுக்கு 45 கோடி. லாரிக்கு ஆறு அச்சு, சைக்கிளுக்கு இரண்டு என்பதையும் சேர்த்தால், ஒரு லாரி ஒருமுறை போவதும் நூற்றுமுப்பது கோடிக்கு மேற்பட்ட சைக்கிள்கள் போவதும் சமம். அந்தச் சோதனை நடந்தது தாரிலும் கான்கிரீட்டிலும். சைக்கிள் எடை வரைக்கும் அந்த விதியை இழுப்பது நியாயமில்லை என்று பொறியாளர்கள் ஆட்சேபிப்பார்கள். சரியான ஆட்சேபம். நூறு கோடியை ஒரு கோடி என்று குறைத்துக்கொண்டாலும் முடிவு மாறாது: ஜல்லிச் சாலையைச் சைக்கிள் தேய்ப்பதில்லை. செங்குத்துச் சரிவில் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைத் தரதரவென இழுத்தால் மேல்கல் கொஞ்சம் புரளும். மற்றபடி அந்தச் சாலையைக் கொல்வது லாரியும் மழையும்.

மறுபக்கம், இந்தச் சாலை சைக்கிள்காரரிடம் என்ன வாங்குகிறது? 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியது கல்லிலும் குழியிலும் அது குலுங்கியதால்தான். காற்று டயர் பிறந்ததே கெட்ட சாலைக்காக. இன்றைய கிராவல் சைக்கிளின் டயர் 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். உள்ளே காற்றழுத்தம் இரண்டரை பார் என்று வையுங்கள். 50 கிலோ எடையை அந்த அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு வந்துவிடும்: சுமார் 20 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் முகம். அந்தத் தீப்பெட்டிக்குள் நாலைந்து ஜல்லி அடங்கும். டயர் மெத்தென்றிருந்தால் கல்லின் முனை ரப்பருக்குள் அமுங்கிக் கடந்துபோகும், சக்கரம் மேலெழாது. காற்றைக் கெட்டியாக அடைத்தால் ஒவ்வொரு கல்லும் முழு வண்டியையும் ஆளையும் ஒரு நூலளவு தூக்கிப் போடும். தூக்கிய சக்தி திரும்பக் கிடைப்பதில்லை; ஓட்டுகிறவரின் தசையிலும் குடலிலும் அதிர்வாகிச் சூடாகி வீணாகிறது. காற்றை இறுக்கினால் வேகம் கூடும் என்ற பழைய நம்பிக்கை வழவழப்பான தாரில் செல்லும், ஜல்லியில் செல்லாது. எண்ணில் சொன்னால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல தாரில் உருளுதடைக்கு 25 வாட் போதும். இறுகிய ஜல்லியில் 60 வாட் அளவு ஆகலாம். காற்றைக் கிழிக்க இரண்டிலும் ஒரே 30 வாட். சாதாரண ஆரோக்கியமுள்ளவர் மணிக்கணக்கில் கொடுக்கக்கூடியது நூறு, நூற்றைம்பது வாட். ஆக சமதரையில் பிரச்சினை இல்லை.

ஏற்றத்தில்தான் லாரிக்கு வைத்த வரம்பு உதவிக்கு வருகிறது. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, 100 கிலோவுக்கு 165 வாட் அளவு வேண்டும். உருளுதடையோடு சேர்த்தால் 180ஐத் தாண்டும். மூச்சு வாங்கும், முடியாததல்ல. அதற்கும் குறைந்த வேகத்தில் சைக்கிளை நிமிர்த்திப் பிடிப்பதே பாடு. ஏற்றம் ஆறரைக்கு ஒன்றானால் அதே வேகத்துக்கு 250 வாட்டுக்கு மேல். பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவார்கள். ஆட்டுக்காரர்களும் மலைநடைக்காரர்களும் காலால் போட்ட ஒற்றையடிப் பாதைகள் இந்தக் கணக்கை மதிப்பதில்லை, நேர்குத்தாக ஏறிவிடும். 44 டன் லாரி ஏற முடிகிற இடத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் கியரை இறக்கிப்போட்டு ஏற முடிகிறது என்பது தற்செயல்தான், ஆனால் மிக உபயோகமான தற்செயல்.

மண் சாலை, ஜல்லிச் சாலை என்றாலே நினைவுக்கு வருவது தகர ஷீட் போன்ற அலை வரிசை; அதில் போனால் பல் கிடுகிடுக்கும். இது வண்டியின் ஸ்பிரிங்கால் வருகிறது என்று வெகுகாலம் எண்ணினார்கள். டொரன்டோ பல்கலைக்கழக ஸ்டீபன் மாரிஸ் உள்ளிட்ட குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனையில், சுழலும் மேசையில் மணலைப் பரப்பி ஒரு சாதாரணச் சக்கரத்தை மேலே உருளவிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாமலும் அலை தோன்றியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே தரை சமமாகவே இருக்கிறது; அதைத் தாண்டியதும் தட்டாங்கல் தண்ணீரில் தத்துவதுபோலச் சக்கரம் தரையில் தத்தத் தொடங்குகிறது; ஒவ்வொரு தத்தலும் ஒரு மேட்டை வளர்க்கிறது. எடையும் வேகமும் போக்குவரத்தின் எண்ணிக்கையும் சேர்ந்து விளையும் நோய் இது. தினம் நூற்றுக்கணக்கான கார் விரையும் ஜல்லிச் சாலையில் கிரேடர் வந்து சீவிவிட்டுப் போன சில வாரங்களில் அலை திரும்பிவிடும். பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கும் சாலையில் அலையை வளர்க்க வண்டி போதாது. கார் இல்லாமை பாதுகாப்புக்காக மட்டும் வேண்டியதல்ல. தரையின் தரத்துக்கே அது அடிப்படை.

இனி எதிர்வாதங்கள். காட்டுச் சாலையே ஓடைகளுக்கு எமன். அதைச் சுற்றுலா என்ற பெயரில் நிலைநிறுத்தலாமா என்பது வலுவான ஒன்று. வாஷிங்டன் மாநிலத்தின் கிளியர்வாட்டர் ஆற்றுப் படுகையில் ரீட், டன் இருவரும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாக இன்றும் சொல்லப்படுகிறது: லாரி நெரிசலுள்ள ஜல்லிச் சாலை, கைவிடப்பட்ட சாலையைப்போல 130 மடங்கு வண்டலை ஓடையில் கொட்டுகிறது. சால்மன் முட்டையிடும் கல்லிடுக்குகளை அந்தச் சேறு மூடிவிடும். ஆனால் அந்த எண்ணை இன்னொரு முறை படியுங்கள். இரண்டிலும் ஜல்லிதான்; வேறுபாடு லாரி. டயர் கல்லை நொறுக்கி மாவாக்குகிறது, அடியிலிருந்து சேற்றை மேலே பிதுக்குகிறது, மழை அதைக் கழுவிச் செல்கிறது. சைக்கிள் இதில் எதையும் செய்வதில்லை. எனவே சாலை மரத்துக்காக இருந்தே தீரும் என்றால், லாரி இல்லாத காலத்தில் அதைத் திறந்துவிடுவதால் ஓடைக்குக் கூடுதல் கேடு வராது. சைக்கிளுக்காகவே புதுச் சாலை வெட்டினால் கதை வேறு; அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விலங்குகள் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. சைக்கிள் சத்தமில்லாதது, நடப்பவரைவிட வேகமானது. திடீரென்று எதிரே வந்து மிரட்டும் என்பார்கள். யூட்டாவின் ஆண்டிலோப் தீவில் டெய்லர், நைட் இருவரும் செய்து 2003இல் வெளியான ஆய்வில், காட்டெருமையும் மானும் நடப்பவரைக் கண்டு மிரண்டதற்கும் சைக்கிள்காரரைக் கண்டு மிரண்டதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாதையை விட்டு விலகி வருகிறவரைக் கண்டுதான் அவை அதிகமாக ஓடின. நிலையான சாலையிலேயே ஆட்களை நிறுத்துவது நல்லது என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தொல்லையே இல்லை என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை. பாதைக்கு நூறு மீட்டருக்குள் நின்றவற்றில் பெரும்பாலானவை ஓடத்தான் செய்தன. கீல்டரில் இங்கிலாந்தில் மிஞ்சிய சிவப்பு அணில்களில் ஏறத்தாழப் பாதி வாழ்கின்றன. ஆஸ்பிரே என்னும் மீன்பிடிப் பருந்து நார்தம்பர்லாந்தில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு 2009இல் இங்கே கூடு கட்டியது. இவை மரவெட்டும் எந்திரங்களின் நடுவே பிழைத்திருப்பவை. ஆனாலும் இந்த வாதத்தை முதுமலைக்கோ ஆனைமலைக்கோ தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அவை கீல்டரைப்போல வெறும் மரத்தோட்டங்கள் இல்லை. வளைவுக்கு அப்பால் நிற்பது அணிலும் இல்லை. யானை நிற்கும் காட்டில் சத்தமில்லாமல் வேகமாக வருவதே முட்டாள்தனம்.

எனக்குச் சரியான பதில் அகப்படாத எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. கார் இல்லாத பாதையில் ஓட்டுவதற்காக அத்தனை பேரும் காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நியூகாசிலிலிருந்து கீல்டர் கிராமம் சாலைவழி சுமார் 80 கிலோமீட்டர், ரயில் கிடையாது. இருந்தது. பார்டர் கவுன்டீஸ் ரயில்பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஓடியது. 1956இல் பயணிகள் வண்டியும் இரண்டாண்டு கழித்துச் சரக்கு வண்டியும் நின்றன. பின்பு கீல்டர் நீர்த்தேக்கம் வந்து, 1982இல் திறக்கப்பட்டு, பழைய தடத்தின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. 1862இல் கட்டிய கல்வளைவுப் பாலம் மட்டும் நீரோரம் நிற்கிறது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி சுமார் 42 கிலோமீட்டருக்கு நடப்பவர், சைக்கிள், குதிரை எல்லாருக்கும் பொதுவான பாதை இருக்கிறது; ஏழு வயதுப் பிள்ளையும் பயமில்லாமல் ஓட்டலாம். அதன் வாசலில் பரந்த கார் நிறுத்துமிடங்கள். கார் இல்லாமல் ஓட்டி மிச்சப்படுத்தியதை அங்கே வந்துசேர்வதில் செலவழிக்கிறோம் என்றால் மறுக்க முடியவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே காட்டுச் சாலை இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு முழுசாக நேராகிறது.

பாதையின்மேல் சைக்கிளுக்கு உள்ள உரிமையும் கெட்டியானதல்ல. 1968ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் குதிரைத்தடங்களில் சைக்கிள் ஓட்ட உரிமை தந்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த நிலங்களில் உலாவத் தந்த உரிமை கால்நடையாகப் போகிறவருக்கு. வனத்துறையின் ஜல்லிச் சாலைகளில் சைக்கிள் ஓடுவது பெரும்பாலும் அனுமதியால், உரிமையால் அல்ல. அதே சாலையில் சில கிலோமீட்டர் மேற்கே உருட்டி எல்லைக்கல்லைத் தாண்டினால் ஸ்காட்லாந்து; அங்கே 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை சைக்கிள்காரருக்கும் நுழைய உரிமை உண்டு. ஜல்லி அதே ஜல்லி, டயர் அதே டயர், கால் வைக்கும் சட்டம் மட்டும் மாறிவிடுகிறது. ஆனால் வெட்டும் பருவம் வந்தால் இரண்டு பக்கமும் கதவு மூடத்தான் செய்யும். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் கீல்டரில் மரங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது. ஈரமண்ணில் வேர் ஆழம் போகாத சிட்காவுக்கு அந்தக் காற்று தாங்கவில்லை. விழுந்த மரத்தை அகற்றும்வரை பாதைகள் அடைபட்டன.

வழக்கமான வெட்டிலும் அதுவே முறை. சாலையின் குறுக்கே அறிவிப்புப் பலகை வரும், சைக்கிளுக்கு மாற்றுவழி காட்டுவார்கள். எந்திரம் மரத்தை இடுப்பில் பிடித்து அறுத்து, கிளை சீவி, அளவாகத் துண்டு போட்டு ஓரத்தில் அடுக்கும். லாரிகள் வந்து ஏற்றிப் போகும். நடுமுதுகு அமுங்கும், சேறு பிதுங்கும். கடைசி லாரி போனதும் கிரேடரும் உருளையும் வந்து புதுஜல்லி பரப்பி முதுகைத் திரும்பத் தூக்கிவிடுவார்கள், குழாய்களின் வாயைச் சுத்தம் செய்வார்கள். இரு பக்கமும் வெட்டுக்கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஸ்ப்ரூஸ் கன்றுகள் நடப்படும். பலகையை எடுத்துவிட்டால் சாலை மறுபடி காலி. அந்தக் கன்றுகளுக்கு லாரி வர இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது.